வேலை மாறிய வருடத்தில் வரிப் பிடித்தம்: படிவம் 12பி கொடுப்பதா, அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுவதா, ஜூலையில் பார்த்துக்கொள்வதா?

ஒருவருக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய கம்பெனியில் மாதம் 1 லட்சம், அக்டோபரிலிருந்து புதிய இடத்தில் 1.40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025–26 நிதியாண்டு, புதிய வரிமுறை. பழைய கம்பெனி வருடத்துக்கு 12 லட்சம் என்று கணக்குப் போடும், நிலையான கழிவு 75,000 போனால் வரித் தள்ளுபடி எல்லைக்குள் வந்துவிடுவதால் ஒரு பைசா பிடிக்காது. புதிய கம்பெனியும் தான் கொடுக்கப்போகும் 8.40 லட்சத்தை மட்டும் பார்த்துவிட்டு எதுவும் பிடிக்காது. ஆனால் இரண்டையும் கூட்டினால் 14.40 லட்சம், கழிவோ ஒரு தடவைதான், ஆக செஸ் என்ற கூடுதல் வரியோடு 88,140 ரூபாய் வரி பாக்கி.

இதை ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஜூலை வரை விட்டால் வருமான வரிச் சட்டத்தின் 234பி (வரியை வருடத்துக்குள் கட்டாததற்கு), 234சி (தவணை தவறியதற்கு) இரண்டு பிரிவுகளின் கீழும் வட்டி ஏறி, இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் கூடுதலாகப் போகும். அதோடு 88,000 ரூபாயை ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். எனக்கு இது சரியாகவே படவில்லை.

அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது சம்பாதிக்கும் வருடத்திலேயே தவணையாக நாமே கட்டும் வரி, அதைவிடப் பரவாயில்லை. வருமான வரித் தளத்தில் இ-பே டாக்ஸ் போய், மதிப்பீட்டு ஆண்டு 2026–27 என்றும் வகை 100 என்றும் கவனமாகத் தேர்ந்தெடுத்து, டிசம்பர் 15-க்குள் முக்கால் பங்கு, மார்ச் 15-க்குள் மீதி கட்டிவிட்டால் பெரிய வட்டி போய்விடும். ஆனால் ஜூன், செப்டம்பர் தவணைகளை விட்ட கணக்கில் 1,500 சொச்சம் அப்போதும் விழும். அக்டோபரில்தானே சம்பளம் கூடியது என்று சொன்னால் கணக்கு கேட்காது.

படிவம் 12பி-யின் பலமே இங்கேதான். பழைய இடத்துச் சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் எழுதிப் புதிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டால், அவர்கள் மீதி ஆறு மாதத்துக்குப் பிரித்து மாதம் 14,690 பிடிப்பார்கள். டிடிஎஸ் (சம்பளம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) வருடத்தின் எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டாலும் 234சி கணக்கில் முழுதாகக் கழிந்துவிடும் என்பதால் விட்டுப்போன தவணைக்கும் வட்டி கிடையாது. பழைய கம்பெனியின் ஃபார்ம் 16 (சம்பளம், பிடித்த வரிக்கான சான்று) அடுத்த ஜூனில்தான் வரும், அதற்காகக் காத்திருக்காதீர்கள், பே ஸ்லிப்பும் கடைசி செட்டில்மென்ட் தாளும் போதும். 12பி கொடுத்தே ஆக வேண்டும் என்று ஊழியருக்குக் கட்டாயமில்லை, ஆனால் கொடுத்துவிட்டால் கம்பெனி அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

பழைய சம்பளம் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஆஃபர் கையெழுத்தாகி வேலையில் சேர்ந்த பிறகு கொடுக்கும் தாள்தானே, பேரம் முடிந்துவிட்டது. எனக்கு நியாயமாகத் தெரியும் தயக்கம் ஒன்றுதான்: பிப்ரவரி மாதிரி கடைசியில் சேர்ந்தால் மொத்த வரியும் இரண்டே சம்பளத்தில் இறங்கும். வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய அடி. அப்படி ஒரு நிலையில் கொஞ்சம் வட்டி போனாலும் பரவாயில்லை என்று தானே கட்டிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

(2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. மேலே உள்ளவை 2025–26 நிதியாண்டுக்கானவை.)

குடும்பத்தில் வரும் மாற்றத்துக்கு இதே பதில் பொருந்தாது. அப்பா இறந்து அவருடைய டெபாசிட் உங்கள் பெயருக்கு மாறுகிறது, வருட வட்டி 80,000 என்றால் வங்கி 10 சதவீதம், அதாவது 8,000 பிடிக்கும். மேலே சொன்ன சம்பளக்காரருக்கு அந்த வட்டி 15 சதவீத அடுக்கில் விழுவதால் செஸ்ஸோடு 12,480 வரும். இடைவெளி 4,480. இதையும் கம்பெனியிடம் சொல்லிச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்ல வழியிருக்கிறது, ஆனால் வீட்டுப் பண விவரத்தை ஹெச்.ஆர். மேசைக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. சம்பள வரி 12பி வழியாக முழுதாகப் பிடிபட்டிருந்து, மொத்தப் பாக்கி 10,000-க்குக் கீழே இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் பொறுப்பே வராது, ஜூலையில் ரிட்டர்னோடு வட்டியில்லாமல் கட்டிவிடலாம்.