சொத்துவரி உயர்வு: ஒரே போடாகவா, ஆண்டுதோறும் கொஞ்சமாகவா?

சொத்துவரி உயர்வுத் தீர்மானம் மாமன்றத்துக்கு வந்தால், விவாதம் பெரும்பாலும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஆளும் தரப்பு சாலையையும் குடிநீர்க் குழாயையும் காட்டும். எதிர்த்தரப்பு விலைவாசியைக் காட்டும். உயர்த்துவதற்கே பல வழிகள் உண்டு, வழிக்கு வழி சுமை வேறு வேறு தலையில் இறங்கும் என்ற பேச்சு எழுவது அரிது. வரி கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

உயர்த்தாமல் விடுவதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 15 ஆண்டுகள் அசையாமல் நிற்கும் வரியின் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். சம்பளமும் சிமெண்டும் மின்கட்டணமும் அப்படி நிற்பதில்லை. முதலில் பழுதுபார்ப்பு தள்ளிப்போகும், பிறகு கடன் வரும், கடைசியில் வரியை இரட்டிப்பாக்கும் தீர்மானம் வரும். பதினைந்து ஆண்டு வரியே உயர்த்தவில்லை என்ற பெருமை ஒருவருக்கு. பதினாறாம் ஆண்டின் வசவு முழுவதும் இன்னொருவருக்கு.

வரியைக் கட்டிப்போடுவதைச் சட்டமாகவே ஆக்கிய இடம் கலிஃபோர்னியா. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, பொதுவான வரி விகிதத்துக்கு 1 சதவீத உச்சவரம்பு வைத்தது. மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. சொத்து கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. வயதானவர்கள் வரிக்குப் பயந்து வீட்டை விற்க வேண்டியதில்லை என்பது உண்மையான நன்மை. ஆனால் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டுக்கு, புதிதாக வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஐந்து மடங்கு வரி கட்டும் நிலை வந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1992இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது. 2003இல் அமெரிக்கப் பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் தம் சொந்தக் கணக்கையே எடுத்துக்காட்டினார்: நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் சுமார் 5 லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கு ஏறக்குறைய 14,000 டாலர் வரி, கலிஃபோர்னியாவில் சுமார் 40 லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கு 2,300 டாலர்கூட இல்லை.

இனி, மன்றங்களுக்கு மிகவும் பிடித்த வழி: எல்லோருக்கும் ஒரே சதவீத உயர்வு. எளிது, வேகமானது. யாருடைய சொத்தையும் புதிதாக அளக்க வேண்டாம். பேரேட்டில் உள்ள தொகையை ஒரே எண்ணால் பெருக்கினால் போதும். 'எல்லோருக்கும் சமம்' என்ற பேச்சும் நன்றாக எடுபடும். குறை எங்கே என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம்.

இரண்டு வீடுகள். கடைசியாக மதிப்பிட்டபோது இரண்டும் ஒரே விலை, வரியும் ஆளுக்கு 1,000. அதன் பிறகு ஒரு வீட்டின் விலை இரண்டு மடங்காயிற்று; ரயில் நிலையம் வந்த பக்கத்திலிருந்த மற்றது ஐந்து மடங்காயிற்று. மன்றத்துக்கு 20 சதவீதம் கூடுதல் வருவாய் தேவை. ஒரே சதவீத முறையில் இருவரும் தலா 1,200 கட்டுவார்கள். மறுமதிப்பீடு செய்து, அதே 2,400ஐ இன்றைய விலை விகிதத்தில் பிரித்தால் முதல் வீட்டுக்கு 686, இரண்டாவதற்கு 1,714. மொத்த வரி ஏறிய ஆண்டிலேயே ஒருவருக்கு வரி குறைகிறது! 'சமமான' உயர்வு என்ற பெயரில் முதல் வீட்டுக்காரர் இரண்டாமவருக்காகக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் வெளிச்சமாகும்.

பரப்பளவுப் படிநிலை இந்தக் குறையைப் போக்கிவிடும் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2022இல் வந்த சொத்துவரிச் சீராய்வு அந்த வகை: 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100, சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதிக்கு மட்டும் இதைவிடக் கூடுதல். சிறிய வீட்டுக்காரருக்குக் குறைவு என்பது நியாயமாகப் படுகிறது, பாதி நியாயம்தான் என்றாலும். சதுர அடிக்கு விலை தெரியாது. விலையுயர்ந்த பகுதியின் சிறு அடுக்குமாடி வீட்டுக்குக் குறைந்த உயர்வும், ஊரோரத்தில் கூட்டுக் குடும்பம் வாழும் பழைய பெரிய வீட்டுக்கு முழு உயர்வும் போய்ச் சேரும். 1,200க்கும் 1,201க்கும் நடுவில் ஒரு சதுர அடிதான். உயர்வில் 25 சதவீதப் புள்ளி வித்தியாசம். எல்லைக்கோட்டில் இருப்பவர் அளவு நாடாவுடன் அலுவலகத்துக்கு வராமல் என்ன செய்வார்?

மறுமதிப்பீடுதான் நேர்மையான வழி என்பது என் நிலைப்பாடு. அதன் ஆபத்தை மறைக்கவும் முடியாது. இங்கிலாந்தில் வீட்டுவரிப் படிநிலைகள் இன்றும் 1991 ஏப்ரல் 1 அன்றிருந்த விலையில்தான் நிற்கின்றன. 2020இல் கட்டிய வீட்டுக்கும், 1991இல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணக்கிட்டே படிநிலை தருகிறார்கள். இந்த விசித்திரம் தொடர ஒரே காரணம் பயம். தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் அதிர்ச்சியைப் பெரிதாக்குகிறது, அதிர்ச்சி பெரிதாக இருப்பதால் மீண்டும் தள்ளிப்போடுகிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வேறொரு பாடம். கட்டடத்தைவிட நிலத்துக்கு அதிக விகிதம் வைத்த அந்நகரின் வரிமுறை 1913 முதல் நீடித்தது. மதிப்பீட்டில் நில மதிப்புகள் திடீரென எகிறியபோது எழுந்த கொந்தளிப்பில் 2001இல் கைவிடப்பட்டது. வரியின் கொள்கையைவிட மதிப்பீட்டு அலுவலகத்தின் திறமை முக்கியம் என்று அதிலிருந்து தெரிகிறது.

ஆண்டுதோறும் சிறு உயர்வு அதிர்ச்சியைத் தவிர்க்கும், குடும்பங்கள் முன்கூட்டியே திட்டமிடலாம். ஆனால் ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகிவிடும், ஒருமுறைகூட அவையில் உரக்க விவாதிக்கப்படாமலே. தானியங்கி உயர்வை விரும்புகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1985இலேயே இதற்கு மாற்று கண்டது. சொத்து விலைகள் ஏறினால், பழைய வருவாயே வரும்படி விகிதம் தானாகக் குறைந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மன்றம் அறிவிப்புக் கொடுத்து, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திய பிறகே உயர்த்த முடியும். விலை ஏறியதைச் சாக்கிட்டு வரி ஏறுவதும், மன்றமே முடிவெடுத்து ஏற்றுவதும் அங்கே பிரிந்து தெரியும்.

'உயர்த்தவே வேண்டாம், நிலுவையை வசூலியுங்கள்' என்ற எதிர்த்தரப்பின் வாதத்தில் சாரம் உண்டு. வசூல் 60 சதவீதத்திலிருந்து 90க்கு ஏறினால், விகிதத்தைத் தொடாமலே வருவாய் ஒன்றரை மடங்கு. ஆனால் பேரேட்டில் தெரியும் நிலுவையெல்லாம் கைக்கு வரும் பணமல்ல. வழக்கில் சிக்கியது, ஆளே இல்லாதது, இரட்டைப் பதிவு என்று கழிந்துகொண்டே போகும். மேலும் பழைய நிலுவை ஒருமுறைதான் வரும். பேரேட்டிலேயே ஏறாத கட்டடங்களைச் சேர்ப்பது ஆண்டுதோறும் வரும். அங்கேதான் முயற்சியைக் கொட்ட வேண்டும். குப்பைக் கட்டணம் போன்ற தனிக் கட்டணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மாளிகைக்கும் ஒற்றை அறைக்கும் ஒரே தொகை என்றால் அது ஏழைக்குப் பாரம்.

என் வரிசை இதுதான். விடுபட்ட கட்டடங்களைச் சேர்ப்பது முதலில். அடுத்து, ஐந்தாண்டுக்கொரு முறை மறுமதிப்பீடு. ஒருவருடைய வரி எவ்வளவு ஏறினாலும் அதை மூன்று ஆண்டுகளில் பிரித்து ஏற்றலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் விலைவாசிக்கு மேல் போகாத உயர்வு, ஒவ்வொரு முறையும் அவையில் வாக்கெடுப்போடு. ஒரே போடாக உயர்த்துவதைக் கடைசியில் வைப்பேன்.

இதில் அடிபடக்கூடியவர் ஒருவர் உண்டு: விலை எகிறிய இடத்தில் வீடு இருந்தும் கையில் வருமானம் இல்லாத முதியவர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது நிரம்பியவர்கள் தகுதி இருந்தால் வீட்டுவரியை ஒத்திப்போடலாம். தொகை வட்டியோடு வீட்டின் மீது கடனாக நிற்கும், வீடு விற்கும்போது தீர்க்க வேண்டும். மறுமதிப்பீட்டுத் தீர்மானத்தோடு இந்த ஒத்திவைப்பையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். முணுமுணுப்பு வந்தால் வாரிசுகளிடமிருந்துதான் வரும்.