பழைய 4x4 பிக்கப்பை விற்பவர்கள் கவனத்துக்கு: யார்டில் விட்ட வண்டி அப்படியே திரும்பி வராது

சென்னையில் மாதவரம், மூலக்கடை பக்கம் யாராவது "வண்டியை நம்ம யார்டுல விடுங்க, பார்ட்டி ரெடியா இருக்கு" என்று கூப்பிட்டால், அதுவும் உங்களுடையது ஃபோர் வீல் டிரைவாக இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்களுடையது மகிந்திரா பொலிரோ கேம்பர் 4x4. அப்பா காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்தபோது வாங்கியது. பழவேற்காடு பக்கம் மணலில் மற்ற வண்டிகள் புதைந்து நிற்கும் இடத்திலும் இது ஏறி வந்துவிடும். ஆனால் ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து தொட்டியின் அடித்தகட்டை அரித்துவிட்டன. அப்பா தொழிலை விட்ட பிறகு வியாசர்பாடியில் ஒரு ஷெட்டில் போட்டு ஆற அமர வேலை பார்த்தோம். தொட்டிக்குப் புதுத் தகடு, சேஸிஸுக்கு ரெட் ஆக்ஸைடு அடித்து மேலே கறுப்பு, புது டயர். இன்ஜின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கி பேரிங், சீல் எல்லாம் மாற்றினோம். அதை போல்ட் போட்டு மாட்டும் காதுகளில் ஒன்றில் விரிசல் இருந்ததால் ஆர்கன் வெல்டிங் வைத்தார் மெக்கானிக். பின்னால் அந்த வெல்டிங்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

விற்கலாம் என்று முடிவானதும் கன்சல்டிங், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் தொழில், நடத்தும் ஒருவர் தேடி வந்தார். "கோத்தகிரி எஸ்டேட் பார்ட்டி அண்ணே, 4x4தான் வேணும்கிறார். வண்டி கண் முன்னாடி நின்னாதான் பேசி முடிக்க முடியும்." டோக்கனாக ஒரு சின்னத் தொகை கொடுத்தார். ஆர்சியில் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்தத் தொழிலில் எல்லோரிடமும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

அப்புறம் சாக்குகள். பார்ட்டி வீட்டில் உடம்பு சரியில்லை. ஆடி மாதம், யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆடி முடிந்ததும் பார்ட்டி வேறு வண்டி எடுத்துவிட்டார் என்றார்கள். "நானே எடுத்துக்கிறேன்" என்று அவர் சொன்ன விலை, பேசியதில் பாதி. வேண்டாம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போட்டால் லீவர் விழுகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை. ஜாக்கி போட்டு அடியில் பார்த்தேன். நாங்கள் கறுப்பு அடித்திருந்த போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட வெள்ளைக் கீறல், புதுசாக. டிரான்ஸ்ஃபர் கேஸ் முழுக்க எண்ணெய் கசிந்த பழைய அழுக்கு. காதில் வெல்டிங் தழும்பே இல்லை, அது எங்களுடையதே இல்லை. டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். என் டயர்களில் 1123 என்று இருந்தது, அதாவது 2023இன் 11ஆவது வாரம். இப்போது பின் டயர் இரண்டிலும் 17 என்று முடிகிறது.

கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கூடவே யார்டு வாடகையும் கேட்டார்கள்.

அவர்களுக்கு வண்டி விற்க வேண்டிய அவசியமே இல்லை. கேம்பரில் பெரும்பாலானவை டூ வீல் டிரைவ். அதனால் நல்ல நிலையில் இருக்கும் 4x4 பாகங்களுக்கு எப்போதும் ஆள் காத்திருக்கிறது. பாகத்தைக் கழற்றி விற்பது ஒரு வருமானம். இழுவை போன வண்டியைப் பாதி விலைக்குக் கேட்பது இன்னொன்று. வண்டி தானாகவே பழுதாகிவிட்டது என்று நினைத்து உடைமைக்காரர் சம்மதித்துவிடுவார்.

காவல் நிலையத்தில் முதலில் சிவில் விவகாரம் என்றார்கள். ஷெட்டில் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் பில்களையும் காட்டிய பிறகு மனுவை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். நம்பி ஒப்படைத்த பொருளை எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவில் வரும் குற்றம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கையெழுத்திட்ட படிவங்களை வாங்குவதற்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. அவற்றை விடவே கூடாது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வெற்றுப் படிவத்தோடு வண்டி நாலு கை மாறினாலும் ஆர்சியில் இருப்பது உங்கள் பெயர்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரம் உண்டு. அந்தச் சான்றிதழ் படிவம் 29பி. அதைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால், வண்டியை ஒப்படைக்கும்போதே 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துவிடலாம். அதன்பின் பொறுப்பு டீலருடையது. என்னிடம் வந்தவர் 29பி பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். ஒப்படைக்கும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், டயர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து, அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றால் நீங்களும் கூடவே போங்கள், ராத்திரி தங்க விடாதீர்கள்.

பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலோ ஜிஎன்டி ரோடு ஷெட்களிலோ கேம்பர் 4x4 டிரான்ஸ்ஃபர் கேஸ் விலைக்கு வந்தால், காதில் கட்டைவிரல் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வழக்குக்கு அது வேண்டும்.