என் மகன் திரும்பச் சொன்னதுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது

மதுரைப் பக்கம் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சென்டரின் பெயரைப் போடவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அப்போது என் மகனுக்கு மூன்றரை வயது. பேசவில்லை என்று சொல்ல முடியாது, நாள் முழுக்கப் பேசுவான். ஆனால் எல்லாமே யாரோ பேசியது. "தண்ணி வேணுமா கண்ணா?" என்று கேட்டால், "தண்ணி வேணுமா கண்ணா?" என்பான். அவனாகத் தாகம் எடுத்து வந்தாலும் அதே கேள்வியைச் சொல்லித்தான் என் துப்பட்டாவை இழுப்பான். கல்யாண மண்டபத்தில் கூட்டம் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று டவுன் பஸ் கண்டக்டர் குரலிலேயே கத்துவான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், நாங்களும் சிரித்திருக்கிறோம். "இவங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்பார் என் மாமியார்.

அந்த சென்டரில் பத்து நிமிஷம் பார்த்தார்கள். "எக்கோலேலியா. கிளிப்பிள்ளை மாதிரி, சொந்தமா ஒண்ணும் கிடையாது. இத முதல்ல நிறுத்தணும், அப்பத்தான் பேச்சு வரும். ஆறு மாசம், கேரண்டி" என்றார் நடத்துகிற அம்மா. 72,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 60,000. வளையலை அடகு வைத்து மொத்தமாகக் கட்டினோம். இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது. வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும், இரண்டு பாஷை என்றால் குழந்தை குழம்பிவிடுமாம். எனக்கோ இங்கிலீஷில் பிள்ளையைக் கொஞ்சக்கூட வராது. அவன் அங்கே போன இரண்டு மாதமும் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. காது டெஸ்ட் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

வாரம் ஒரு வீடியோ வாட்ஸப்பில் வரும். "ஐ வாண்ட் பிஸ்கட்" என்பான், கைதட்டுவார்கள், முடிந்துவிடும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். வீட்டில் பார்த்தால் பாத்ரூம் வந்தாலும் "ஐ வாண்ட் பிஸ்கட்", வயிற்று வலி என்றாலும் "ஐ வாண்ட் பிஸ்கட்". கண்டக்டர் காணாமல் போயிருந்தார்.

ஒரு நாள் தலைக்குக் குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்பு பட்டுவிட்டது. வழக்கமாக வீறிடுவான். அன்றைக்கு இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "வாய மூடு. கையக் கட்டு. கத்துனா அம்மா வரமாட்டா" என்றான். சென்டர் நடத்துகிற அந்த அம்மாவின் இழுப்பு, அந்த அம்மாவின் அதட்டல், அப்படியே இருந்தது. சோப்பைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் போய்க் கேட்டோம். "குழந்தைங்க கற்பனையா எதையாவது சொல்லும் மேடம்" என்றார். சொந்தமாக ஒன்றும் கிடையாது என்று சொன்ன அதே வாய்! சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கிட்டப்போய்ப் பார்த்தோம். மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ். பணம் திரும்பத் தர முடியாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

அதன்பிறகு அரசு மருத்துவமனையின் டி.இ.ஐ.சி.க்குப் போனோம். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளுக்காக மாவட்ட அளவில் நடக்கும் மையம் அது, கட்டணம் கிடையாது. அங்கே முதல் வேலையாகத் தூங்க வைத்து பெரா டெஸ்ட் எடுத்தார்கள். காது நன்றாகவே கேட்கிறது. அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர் என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு பையனைப் பார்த்தார். இரண்டரை வயது வரைக்கும் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் இப்படித் திரும்பச் சொல்லும், மூன்று தாண்டியும் பேச்சு இதிலேயே நின்றால் காட்ட வேண்டும், இதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்டக்கூடாது, அதற்குத் தனியாக மதிப்பீடு உண்டு என்றார். 1980களிலேயே பாரி பிரிசன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், இந்தத் திரும்பச் சொல்லலில் பல சமயம் கேட்பதும் மறுப்பதும் பதில் சொல்வதும் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டிவிட்டாராம். கண்டக்டர் கதையைச் சொன்னேன். "உங்க பையனுக்கு அதுதான் 'எனக்கு நெரிசலா இருக்கு'" என்றார். நாங்கள் சிரித்தது எதைப் பார்த்து என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் மாற்றியது சின்ன விஷயம். கேள்வி கேட்காதீர்கள், அவன் சொல்ல வேண்டியதை அவன் வாயால் வருவது போலவே சொல்லுங்கள் என்றார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவன் திரும்பச் சொன்னாலும் அது சரியான வாக்கியமாகிவிடும். அதுவும் தமிழில்தான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது என்று தெளிவாகச் சொன்னார்.

எங்கே சேர்த்தாலும் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992 சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்யக்கூடாது. பேச்சு, கேட்பியலுக்கென்றே பி.ஏ.எஸ்.எல்.பி. என்று நான்கு வருஷப் படிப்பு இருக்கிறது. எண்ணைக் கேட்டதும் முகம் மாறினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பிள்ளையோடு உள்ளே உட்காரக்கூடாது என்றாலும் அப்படியே. கேரண்டி என்ற சொல் காதில் விழுந்தால் யோசிக்கவே வேண்டாம். ஏற்கனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் இல்லை. ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.

எங்களுக்குப் பணம் இன்னும் வரவில்லை. போன வாய்தாவுக்கு இவனையும் கூட்டிப் போயிருந்தேன். வராந்தாவில் நிற்க இடமில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் குனிந்து, "வெளிய போலாம்" என்றேன். "வெளிய போலாம்" என்றான். வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம். எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது என் வீட்டுக்காரர்தான் உள்ளே இருந்தார்.