காவிரிக் கரை ஈரத்துக்கு எந்த ட்ரஸ் ராடு?

கிட்டாரின் கழுத்துக்குள் புதைந்து, அதன் வளைவைத் திருத்த உதவும் எஃகுக் கம்பியே ட்ரஸ் ராடு. தஞ்சாவூர் வீணைக்கு அது கிடையாது. பலா மரத்தில் குடைந்த தண்டி காலப்போக்கில் சற்று அசைந்தாலும், மெட்டுகள் மெழுகின் மேல் அமர்ந்திருப்பதால், மேளம் கட்டுபவர் (மெட்டு அமைப்பவர்) பழைய மெழுகை எடுத்துவிட்டு 24 மெட்டுகளையும் புதிதாகச் சுருதிக்கு நிறுத்திவிடுவார். கிட்டாரில் அந்த வழி இல்லை. அதன் மெட்டுகளான ஃபிரெட்டுகள், கழுத்தின் மேல் ஒட்டிய விரல்பலகையின் வெட்டுகளுக்குள் அடித்து இறக்கப்பட்டவை என்பதால், கழுத்து வளைந்தால் அவையும் அதனோடு வளையும். 648 மி.மீ. ஸ்கேலில் (தந்தியின் அதிரும் நீளம்), 12–53 எஃகுத் தந்திகள் (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரின் கழுத்து 70 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையையும், 10–46 தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்து சுமார் 45 கிலோ இழுவையையும் ஓய்வின்றித் தாங்கி நிற்கின்றன. நைலான் தந்தி கட்டும் கிளாசிக்கல் கிட்டாருக்குப் பெரும்பாலும் ராடு தேவைப்படுவதில்லை. மற்ற இரண்டுக்கும் எதை வைப்பது என்பதே இங்குள்ள கேள்வி.

பழமையானது, கழுத்தை ஒரு திசையில் மட்டும் திருத்தும் ஒருவழி ராடு. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ 1921இல் விண்ணப்பித்து 1923இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வழியில் வந்தது அது. ஒரே எஃகுக் கம்பி, ஒரு முனையில் அசையாத பிடிமானம், மறுமுனையில் நட்டு. கம்பி அமரும் பள்ளமான காடியின் இரு முனைகளும் விரல்பலகையை ஒட்டியும் நடுப்பகுதி கழுத்தின் முதுகுப் பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். நட்டை முறுக்கும்போது வளைந்து கிடக்கும் கம்பி நிமிர முயன்று, தந்தி இழுப்பில் குழிந்த நடுப்பகுதியை மேலே தள்ளுகிறது. கம்பியின் மேல் அதே வளைவில் இழைத்த மரச்சட்டம் ஒன்றை ஒட்டி மூடுவதால், எடை குறைவாக இருப்பதுடன் கழுத்துக்குள் வெற்றிடமும் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு சாதகமும் உண்டு. 5 மி.மீ. எஃகுக் கம்பியைக் கொடுத்தால் சாதாரண லேத் பட்டறையிலேயே மரை வெட்டித் தந்துவிடுவார்கள். பம்பு செட்டுக்கு உதிரிப் பாகம் கடைந்து பழகிய கைக்கு அது பெரிய வேலையில்லை. இரு திசையிலும் திருத்தும் இருவழி ராடுக்கு ஒரு முனையில் வலது மரையும் மறுமுனையில் இடது மரையும் வேண்டும். இடது மரை வெட்டும் கருவிகளான டேப்பும் டையும் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், அதைப் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரவழைக்கவே நேர்கிறது.

இந்தச் சிக்கனத்தை நம்பித்தான் நான் முதல் இரண்டு கழுத்துகளுக்கும் ஒருவழி ராடு வைத்தேன். இரண்டாவது கழுத்தின் விரல்பலகையை ஒட்டியது ஐப்பசி அடைமழையில். நீர் கலந்த வெள்ளைப் பசையைத் தாராளமாகவே தடவியிருந்தேன். பசையின் ஈரத்தைக் குடித்த பலகை விரிந்தது. போதாக்குறைக்கு, வெட்டுகளுக்குள் அடித்த ஃபிரெட்டுகள் ஒவ்வொன்றும் ஆப்புப் போல அதை இன்னும் விரித்தன. தந்தி பூட்டிய பின்னும் கழுத்தின் நடு மேடாகவே நின்றது. ஒருவழி ராடு குழிவை நிமிர்த்துமேயன்றி மேட்டைத் தணிக்காது. நட்டை முழுதாகத் தளர்த்தியபின் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, பலகையை மறுபடி இழைத்துத்தான் அந்தக் கழுத்தை மீட்டேன்.

இருவழி ராடு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. இரு முனைகளிலும் உள்ள கட்டைகளில் இணைந்த ஒரு பட்டையும் ஒரு கம்பியும் சேர்ந்தது அது. கம்பியை ஒரு பக்கம் திருகினால் கட்டைகள் நெருங்கும். மறுபக்கம் திருகினால் விலகும். பட்டையின் நீளம் மாறாததால் ராடு தானே அந்தந்தத் திசையில் வளையும். காடி நேராகவே இருக்கலாம் என்பதால் மரத்தில் காடி வெட்டும் ரௌட்டரை ஒரு வழிகாட்டிச் சட்டத்தோடு ஓட்டினாலே போதும். குறைகளும் உண்டு: எடை கூடும், 6 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 9 மி.மீ. ஆழமும் மரத்திலிருந்து போய்விடும். முதல் ஃபிரெட்டில் 21 மி.மீ. தடிமன் வைத்தால், 6 மி.மீ. விரல்பலகை போக மரம் 15. காடி போக மிஞ்சுவது நடுவில் 6 மட்டுமே. மெல்லிய கழுத்து விரும்புகிறவர்கள் செதுக்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. செதுக்கிய பிறகு காடி வெளியே எட்டிப் பார்த்தால் ஒட்டுப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

கார்பன் ஃபைபர் பட்டையை மூன்றாவது போட்டியாளர் என்று சொல்வதற்கில்லை. எபாக்ஸிப் பசையில் புதைத்துவிட்டால் அது கழுத்தை விறைப்பாக்கும், ஆனால் பின்னால் திருத்த இடம் தராது. திருத்த முடியாத கழுத்தே தவறு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினே 1985 வரை முறுக்கித் திருத்தும் ராடு இல்லாமல் கிட்டார் செய்தது. ஆனால் அந்த அளவுக்கு மரத்தைப் பதப்படுத்தும் வசதி நம் சிறு பட்டறைகளில் இல்லை. ராடின் இருபுறமும் துணையாக இரண்டு பட்டைகள் வைப்பது வேறு விஷயம். பேஸ் கிட்டாரின் நீண்ட கழுத்துக்கு அதை நான் விரும்பியே செய்வேன். கார்பன் பட்டையை அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

டெல்டாவில் சம்பா வயல்களில் நீர் நிற்கும் கார்த்திகைக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையே காற்றின் ஈரம் பெரிதும் மாறுகிறது. இழை நேராக ஓடாத பலகை அந்த மாற்றத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே பலாவிலோ தேக்கிலோ இங்கு கழுத்துச் செய்பவருக்கு, எடையைப் பொறுத்துக்கொண்டு இருவழி ராடையே பரிந்துரைப்பேன். பல மழைக்காலம் பார்த்துப் பதமான பழைய மரமும் வளைந்த காடி எடுத்துப் பழகிய கையும் இருந்தால் மட்டும் ஒருவழி ராடு.

பொருத்துவதற்கு முன் ராடைக் கையில் வைத்து, எந்தப் பக்கம் திருகினால் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காடியில் அது விரலால் அழுத்தினால் இறங்கும் இறுக்கத்தில் அமைய வேண்டும். தளர்ந்தால் சில சுரங்களில் உள்ளே அதிரும். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் சிலிகான் பொட்டு வைத்தால் அந்த அதிர்வு அடங்கும். மரையில் தேன்மெழுகைத் தேய்த்து, காடியின் வாயை மெல்லிய ஒட்டும் டேப்பால் மூடி, விரல்பலகைக்குப் பசை தடவி முடித்த பின், அழுத்துவதற்குச் சற்று முன் டேப்பை உரித்துவிட்டால் பசை மரைக்குள் புகாது. பசைக்கு எபாக்ஸி நல்லது, அதில் தண்ணீர் இல்லை. தேக்காக இருந்தால் ஒட்டும் முகத்தை முதலில் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

தந்தி பூட்டிச் சுருதி சேர்த்து ஒரு நாள் விட்ட பிறகு, முதல் ஃபிரெட்டையும் 14ஆவது ஃபிரெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, 7ஆவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடைவெளி பார்க்கவும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.2 முதல் 0.3 மி.மீ., இருந்தால் ராடைத் தொட வேண்டாம். கூடினாலும் குறைந்தாலும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், மறுநாள் அளந்து பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று.