தாரி தேவி கோயில் போய்ட்டு வந்தேன்
பத்ரிநாத் போற வழில ஸ்ரீநகர் (காஷ்மீர் இல்லங்க, உத்தரகாண்ட்ல இருக்கறது) தாண்டி ஒரு 15 கிலோமீட்டர்ல கல்யாசௌர், அங்க ரோட்டுலருந்து படி இறங்கிப் போனா அலக்நந்தா ஆத்துத் தண்ணிக்கு மேல தூண் மேல நிக்குது கோயில், பாத்ததும் அப்டியே நின்னுட்டேன். அம்மன் சிலையோட மேல்பாகம்தான் இங்க, கீழ்ப்பாகம் காளிமட்ங்கற ஊர்ல இருக்காம். காலைல சின்னப்பொண்ணு சாயங்காலம் கிழவின்னு முகம் மாறும்ங்கறாங்க, நான் நின்னதே அரைமணிநேரம், எனக்கென்ன தெரியும். 2013 ஜூன்ல டேமுக்காக சிலைய எடத்த மாத்துனாங்க, உடனே கேதார்நாத் வெள்ளம், அம்மன் கோவம்னுதான் இங்க நம்புறாங்க. கோயில் முழுக்க மணி தொங்குது. இறங்கறது ஈஸி, ஏறும்போது முட்டி கழண்டுரும், வயசானவங்கள காலைலயே கூட்டிட்டு போங்க. பூஜைத்தட்டு வாங்கறப்ப ரேட்ட முன்னாடியே கேட்ருங்க, நான் கேக்காம ஏமாந்தேன்.