பட்ஜியா, காக்டீலா, ஆப்பிரிக்கன் கிரேயா?

கிளி வளர்க்க ஆசை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சிவந்த மூக்குப் பச்சைக்கிளிதான். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் கிளி ஜோசியர் ஒருவரையே வனத்துறை பிடித்தது. ஆகவே மிஞ்சுவது வெளிநாட்டு இனங்கள்.

நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிற குட்டிப் பறவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜி. பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் ஜோடியாக. ஒன்றுக்கொன்று துணை இருக்கும், நம்மை எதிர்பார்க்காது. தினையோடு கொஞ்சம் கீரையும் வேண்டும். ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டு. ஆனால் ஜோடியாக இருப்பவை நம் தோளில் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தோளில் உட்கார வேண்டுமா? அப்போது காக்டீல், தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி. (கடையில் ‘காக்டெய்ல்’ என்பார்கள், சரி, புரிந்துகொள்ளுங்கள்.) இதன் மனசு கொண்டையில் தெரியும். நிமிர்ந்து நின்றால் எதையோ கவனிக்கிறது, ஒட்டப் படிந்து சீறினால் கையை எடுத்துவிட வேண்டும். ஆண் பறவை சீட்டியடிக்கக் கற்றுக்கொள்ளும், பேச்சு அவ்வளவாக வராது. இரண்டு தொல்லைகள் உண்டு. இறகிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். காலையில் துடைத்த டிவி மேல் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஆகாது. அடுத்தது, ராத்திரி பல்லி ஓடினாலும் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும். நாங்கள் ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டபிறகுதான் தூங்கினோம். ஆயுளும் பதினைந்து, இருபது ஆண்டு. குழந்தை கேட்டதற்காக வாங்கினால், குழந்தை கல்லூரிக்குப் போனபின் பறவை உங்களுடையது.

ஆப்பிரிக்கன் கிரே என்கிற சாம்பல் நிறக் கிளி பேச்சில் ராஜா. அந்த ஆசையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஐம்பது வயதில் வாங்கினால் உங்களுக்குப் பிறகு யார் என்று யோசிக்க வேண்டும். தனியே விட்டால் சலிப்பில் தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கடும் பாதுகாப்புப் பட்டியலில் 2017 முதல் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். வீட்டில் எப்போதும் ஆள் இருந்தாலொழிய இது வேண்டாம் என்பேன்.

மூன்றில் எது வந்தாலும் கூண்டை அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் கிளம்பும் ஆவி, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பரணில் கிடந்த பாட்டியின் இரும்பு தோசைக்கல் எங்கள் வீட்டில் மறுபடி அடுப்பேறியது அப்படித்தான்.