ஜுவெனலின் அங்கதக் கவிதைகள், இருமொழிப் பதிப்பு: முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள்

ஜுவெனல் பழைய ரோமாபுரிக் கவிஞர். இடப்பக்கம் அவருடைய லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். பழைய புத்தகமாகத்தான் வாங்கினேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் முதல் கவிதையில் பென்சிலால் நிறையக் கோடு போட்டிருக்கிறார். அதற்கப்புறம் புத்தகம் முழுக்க ஒரு கோடு கூட இல்லை. ஏன் என்று எனக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது. அந்தக் கவிதையில் வரிக்கு ஒரு பெயர் வருகிறது. குறிப்புகளையெல்லாம் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஜுவெனலின் கோபம் ஆறிப்போகிறது. "நேர்மையைப் புகழ்கிறார்கள், அது குளிரில் விறைத்துக் கிடக்கிறது" என்ற வரி மட்டும் குறிப்பில்லாமலே தைத்தது.

நான் சொல்வது, ஐந்தாவது கவிதையில் தொடங்குங்கள். விர்ரோ என்ற பணக்காரன் வீட்டு விருந்து. அவனை அண்டிப் பிழைக்கும் ட்ரெபியஸுக்கு ரொம்ப நாள் கழித்து அழைப்பு வருகிறது. ஒரே மேசைதான், சாப்பாடு மட்டும் இரண்டு. விர்ரோவுக்கு வெள்ளை வெளேரென்று மெத்தென்ற ரொட்டி. ட்ரெபியஸுக்குப் பூசணம் பிடித்த கட்டி, பல் இறங்காது. தப்பித்தவறி அந்த வெள்ளை ரொட்டிப் பக்கம் கை போனால், 'வை கீழே' என்று சொல்ல ஓர் ஆள். விர்ரோவின் மீனில் வெனாஃப்ரம் ஊர் எண்ணெய். ட்ரெபியஸின் கீரையில் விளக்கெண்ணெய் நாற்றம், அதாவது விளக்கு எரிக்கிற எண்ணெய். ரத்தினம் பதித்த கிண்ணம் விருந்தாளி கைக்கு வரவே வராது. வந்தாலும் கல்லை எண்ணவும், நகத்தால் நெம்புகிறானா என்று பார்க்கவும் பக்கத்திலேயே காவல் நிற்கும்.

அந்த நகத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு பெரிய இடத்து விருந்தில், கடைசி மேசையில், பரிமாறுகிறவரின் கண் என் கையிலேயே இருந்த ஒரு மாலை எனக்கு உண்டு. அதை இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கவிதை அங்கே நிற்கவில்லை என்பதுதான் விசேஷம். இது கஞ்சத்தனம் என்று நினைக்காதே, உன் முனகலைக் கேட்பதுதான் அவனுக்கு நாடகம் என்கிறார் ஜுவெனல். அப்புறம் ட்ரெபியஸ் பக்கமே திரும்புகிறார்: இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறாய் என்றால் உனக்கு இது தகும்! கொடுமைக்காரனைத் திட்டுவது யாருக்கும் வரும். வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிறவனையும் சேர்த்துத் திட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அடுத்து மூன்றாவது. உம்பிரிசியஸ் ரோமே வேண்டாம் என்று கூமே என்ற ஊருக்குக் குடிபோகிறான். போகிற வாசலில் நின்று கொட்டித் தீர்க்கிறான். சரிந்துவிழப் போகும் கட்டடத்தின் விரிசலைப் பூசி மறைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கு என்கிறார்களாம். வீடு எரிந்துபோன கோர்டஸிடம் இருந்தது ஒரு குட்டைக் கட்டில், ஆறு குவளை, எலி கடித்த கிரேக்கப் புத்தகங்கள் கிடந்த ஒரு பெட்டி, இன்னும் சில சில்லறைச் சாமான். "கோர்டஸிடம் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாததையும் முழுக்க இழந்தான்." அதே தீ பணக்காரன் வீட்டில் பிடித்தால், இழந்ததைவிட அதிகம் பரிசாக வந்து குவிகிறது. அவனே கொளுத்தியிருப்பானோ என்று ஊர் சந்தேகப்படுகிற அளவுக்கு!

குறை இல்லாமல் இல்லை. இதே கவிதையில் கிரேக்கர்கள் மேலும் சிரியாக்காரர்கள் மேலும் வழிகிற வெறுப்பு ஏழையின் ஆற்றாமை என்று சொல்லி மூடிவிடக் கூடியதல்ல. ஆறாவது கவிதை அதைவிட மோசம். கல்யாணம் செய்துகொள்ளாதே என்று ஒருவனுக்குச் சொல்ல 650 வரிக்கு மேல் பெண்களைத் திட்டுகிறார். ஐந்தாவதில் இருந்த கண் இங்கே இல்லை, வாய் மட்டும் இருக்கிறது. நான் இரண்டு தடவை பாதியில் விட்டேன். 'காவலர்களுக்கு யார் காவல்' என்ற பேர்பெற்ற வரி இந்தக் குப்பைக்குள்தான் கிடக்கிறது.

பத்தாவதுக்கு இரண்டு வார்த்தை. ரோமப் பேரரசன் திபேரியஸின் வலக்கையாக இருந்த செஜானஸ் விழுந்ததும் அவன் சிலையை உருக்கிக் குடம், வாணலி, மூத்திரச்சட்டி செய்கிறார்கள். ஊரார் பேசிக்கொள்கிறார்கள்: என்ன குற்றம் செய்தான், யார் சாட்சி? பேரரசன் இருந்த காப்ரித் தீவிலிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்ததாம். சரி, அப்படியா, போதும்!

இவருக்கு முந்திய ரோமாபுரி அங்கதக் கவிஞர் ஹோரஸைப் படித்தவர்களுக்கு ஜுவெனல் கத்துவது போலத் தோன்றும். ஹோரஸ் சிரித்துக்கொண்டே தோளில் கைபோடுகிறவர், 'பெயரை மாற்றிப் பார், கதை உன்னுடையது' என்பார். ஜுவெனல் சட்டையைப் பிடிக்கிறவர்.

மொழிபெயர்ப்பு நன்றாக ஓடுகிறது, கெட்ட வார்த்தைகளில் மட்டும் பதுங்குகிறது. எழுத்து சிறிது. ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

ஒரு நட்சத்திரம் இன்னும் குறைத்திருப்பேன். படைவீரன் பல்லை உடைத்தாலும் வழக்குப் போடத் துணியாத குடிமகனைப் பற்றிய பதினாறாவது கவிதை 60 வரியில் அறுந்து நிற்கிறது, கீழே வெறும் காகிதம். தாள் கிழிந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். குறிப்பைப் பார்த்தால், நமக்குக் கிடைத்திருப்பதே அவ்வளவுதானாம்.